கிரயம் பேசும் முன் நிலத்தை அளந்து பார்ப்பது எப்படி

நிலம் வாங்குகிறவர்கள் பத்திரங்களை வக்கீலிடம் கொடுத்து ஒப்பீனியன் வாங்குகிறார்கள். வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார்கள். பட்டாவில் விற்பவர் பெயர் இருக்கிறதா என்று சரிபார்க்கிறார்கள். அத்தோடு கிரயம் முடிந்துவிடுகிறது. வேலிக்குக் கல் ஊன்றப் போகும்போதுதான் பக்கத்து நிலக்காரர் வந்து நிற்பார். பத்திரத்தில் 50 சென்ட், மண்ணில் 46 சென்ட் என்ற வழக்கு அங்கே தொடங்குகிறது. யாரும் ஏமாற்றாமலேயே இப்படி நடக்கும். பத்திரம் ஒரு கணக்கு சொல்லும், பட்டா ஒரு கணக்கு சொல்லும், புலப்படம் வேறு சொல்லும், வரப்பு இன்னொன்று சொல்லும். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமப்புற நிலத்துக்கு அதை எப்படிச் செய்வது என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறோம். மனைக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

எந்தக் காகிதம் எதைச் சொல்கிறது

கிரயப் பத்திரம், இன்னார் இன்னாருக்கு விற்றார் என்பதற்குச் சாட்சி. சார்பதிவாளர் பதிவு செய்வது அந்த ஆவணத்தை. விற்றவருக்கு உண்மையிலேயே உரிமை இருந்தது என்று அவர் சான்று தருவதில்லை. பட்டா வருவாய்த் துறையின் பதிவு. தீர்வை யார் பேரில் இருக்கிறது என்று காட்டும். உரிமைக்கு ஒரு ஆதாரமாக நிற்கும். ஆனால் பட்டா மட்டும் உரிமை ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. புலப்படத்தில், அதாவது எஃப்.எம்.பி.யில், உரிமையாளர் பெயரே இருக்காது. நிலத்தின் வடிவமும் அளவுகளும் மட்டும் இருக்கும். அ-பதிவேடு அந்தச் சர்வே எண் எந்த வகை என்று சொல்லும்: ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலம்), புறம்போக்கா (அரசு நிலம்), நஞ்சையா, புஞ்சையா.

ஆகவே உரிமைக்குப் பத்திரத்தின் தொடர்ச்சி, அனுபவத்துக்குப் பட்டாவும் அடங்கலும் (கிராமப் பயிர்க் கணக்கு), எல்லைக்குப் புலப்படம். எல்லைத் தகராறில் பத்திரத்தை மட்டும் காட்டி வாதாடுவதும், உரிமைத் தகராறில் புலப்படத்தைக் காட்டி வாதாடுவதும் வீண்.

பட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்து எடுக்கலாம். நகரப் பகுதியானால் வார்டு, பிளாக், நகர நில அளவை எண் கொடுத்து நகர நில அளவைப் பதிவேடு எடுக்க வேண்டும். வில்லங்கம் பதிவுத் துறையின் தளத்தில். விற்பவர் நீட்டும் ஜெராக்ஸை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சரிபார்ப்பதற்கு நீங்களே புதிதாக எடுங்கள். இடையில் உட்பிரிவு நடந்திருந்தால் பழைய ஜெராக்ஸில் அது தெரியாது.

வில்லங்கத்தில் வராதவை

30 ஆண்டு வில்லங்கம் போடுவது வழக்கம். அதைவிட முக்கியம், எந்தெந்த எண்ணில் போடுகிறீர்கள் என்பது. இன்று 125/2ஏ என்று இருக்கும் நிலம் 15 ஆண்டுக்கு முன் 125/2 ஆக இருந்திருக்கும்; அதற்கு முன் வேறொரு பழைய சர்வே எண்ணாகவும் இருந்திருக்கலாம். மூன்றிலும் தனித்தனியே போட வேண்டும். 125/2ஏ என்று மட்டும் தேடினால், 125/2 என்று எழுதிப் பதிவான பத்திரம் பட்டியலில் வராமல் போகும். கிராமம் வேறு சார்பதிவகத்துக்கு மாற்றப்பட்டிருந்தால் பழைய அலுவலகத்திலும் தேட வேண்டும்.

சரியாகத் தேடினாலும் சில விஷயங்கள் வில்லங்கத்தில் வரவே வராது. உயில் பதிவாகியிருந்தாலும் அதற்குத் தனிப் புத்தகம். வாய்மொழிப் பாகப்பிரிவினை, நடந்துகொண்டிருக்கும் வழக்கு, பதியாத அடமானம், கையெழுத்துப் போடாத வாரிசு ஆகியவையும் அப்படியே. விற்பவருக்குச் சொத்து தகப்பனார் வழியில் வந்ததென்றால் வாரிசுச் சான்றிதழை வாங்கி, மகள்கள் உட்பட ஒவ்வொரு பெயருக்கும் விடுதலைப் பத்திரமோ பாகப்பிரிவினையோ இருக்கிறதா என்று பாருங்கள். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கு இல்லை என்று ஊரில் இன்னமும் சொல்வார்கள். 1989-லேயே தமிழ்நாட்டில் திருமணமாகாத மகள்களுக்கும், 2005-க்குப் பிறகு எல்லா மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு சட்டப்படி வந்துவிட்டது.

அ-பதிவேட்டின் குறிப்புக் கலத்தைத் தவறாமல் படியுங்கள். பஞ்சமி நிலம், ஒப்படை நிலம், பூதான நிலம், கோயில் நிலம் என்ற குறிப்பு இருந்தால் மேற்கொண்டு அளக்க வேண்டியதில்லை, அங்கேயே நிறுத்திவிடலாம். பட்டா யார் பேரில் இருந்தாலும் இவற்றை இஷ்டப்படி விற்க முடியாது. ஓடை, வாய்க்கால், குளம் என்று புறம்போக்காகப் பதிவான எண்ணை ஒட்டிய நிலமானால் அந்த எண்ணின் புலப்படத்தையும் எடுத்து வையுங்கள். தூர்ந்து போன ஓடை மண்ணில் தெரியாது, படத்தில் தெரியும்.

ஹெக்டேர், ஏர், சென்ட்

பட்டாவில் பரப்பு ஹெக்டேர்-ஏர் கணக்கில் இருக்கும். 0 - 12.50 என்று இருந்தால் 12.50 ஏர். அதை 12.5 சென்ட் என்று படிக்கிறவர்கள் நிறைய. ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 2.471 சென்ட். ஆகவே 12.50 ஏர் என்பது ஏறக்குறைய 30.9 சென்ட். கையில் வைத்திருக்க வேண்டிய எண்கள் இவ்வளவுதான்: ஒரு சென்ட் 435.6 சதுர அடி, 40.47 சதுர மீட்டர்; ஒரு ஏக்கர் 100 சென்ட்; ஒரு ஹெக்டேர் 2.471 ஏக்கர், ஒரு கிரவுண்ட் 2400 சதுர அடி. காவிரிப் பாசனப் பகுதியின் பழைய பத்திரங்களில் குழியும் மாவும் வேலியும் வரும். 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி என்பது தஞ்சைப் பக்கத்து வழக்கு. மற்ற ஊர்களில் குழியின் அளவு மாறும், ஆகவே வாய்க்கணக்கில் மாற்றாமல் அந்த ஊர் வழக்கைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பல கிராமங்களில் பட்டாவின் பரப்பு அரை ஏர் கணக்கில் முழுமையாக்கப்பட்டிருக்கும். பத்திரத்தில் 1 ஏக்கர் 30 சென்ட் என்றால் அது 52.61 ஏர்; பட்டாவில் 52.50 என்று இருக்கும். பத்துச் சதுர மீட்டர் குறைகிறதே என்று பதற வேண்டாம். ஆனால் பத்திரத்தில் 130 சென்ட், பட்டாவில் 48.00 ஏர் என்றால் அது முழுமையாக்கியதால் வந்ததாக இருக்க முடியாது. 11 சென்ட்டுக்கு மேல் எங்கோ போயிருக்கிறது. சாலைக்கு எடுத்திருக்கலாம், பக்கத்து எண்ணோடு சேர்ந்திருக்கலாம், 1979-ல் தொடங்கி 80-கள் வரை நடந்த யு.டி.ஆர். நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் தவறாக ஏறியிருக்கலாம். யு.டி.ஆர். தவறு என்று சந்தேகம் வந்தால் அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டின் நகலையும், பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் பதிவையும் கேட்டு வாங்க வேண்டும். அதைத் திருத்தி வாங்குவது விற்பவரின் வேலை. திருத்தி முடிக்காமல் கிரயம் வாங்கினால் அலைச்சல் உங்கள் தலையில் விழும்.

நான்கெல்லையைப் படிப்பது

பத்திரத்தின் சொத்து விவரத்தில் இப்படி இருக்கும்: “சர்வே எண் 125/2 நிர் புஞ்சை ஏக்கர் 1.30-ல் மேல்புறம் ஏக்கர் 0.50-க்கு நான்கெல்லை விவரம்: வண்டிப்பாதைக்கும் தெற்கு, வாய்க்காலுக்கும் வடக்கு…” வண்டிப்பாதைக்குத் தெற்கு என்றால் நிலம் பாதைக்குத் தெற்கே இருக்கிறது என்று பொருள். அதாவது வண்டிப்பாதை உங்கள் வடக்கு எல்லை. இதைத் தலைகீழாகப் படித்து, பாதை தெற்கே இருப்பதாக எண்ணி, வேறொரு துண்டைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. நான்கெல்லையை ஒரு வெள்ளைத் தாளில் வரைந்து, வடக்கை மேலே வைத்து, அதைப் புலப்படத்தின் மேல் பொருத்திப் பாருங்கள்.

‘மேல்புறம் 50 சென்ட்’ என்ற சொல்லில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேற்கே எங்கிருந்து எங்கு வரை என்று எழுதவில்லை. முழு நிலமும் சதுரமாக இருந்தால் ஒரு கோடு போட்டுப் பிரித்துவிடலாம். கோணலாக இருந்தால் அந்தக் கோடு எந்தப் பக்கத்துக்கு இணையாகப் போகிறது என்பதில் சாலை முகப்பு 10 அடி கூடவோ குறையவோ செய்யும். பரப்பும் எல்லையும் முரண்பட்டால் தெளிவாகச் சொல்லப்பட்ட எல்லைக்கே பொதுவாக நீதிமன்றங்கள் முன்னுரிமை தருகின்றன. ஆகவே எல்லை மங்கலாக இருக்கும் பத்திரத்தில் பரப்பு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பயனில்லை.

கூட்டுப் பட்டாவில் இந்த ஆபத்து இரட்டிப்பு. ஐந்து பேர் பெயரில் ஒரே உட்பிரிவு; அதில் ஒருவர் தன் பங்கை விற்கிறார். அவர் பங்கு எந்தத் துண்டு என்று புலப்படத்தில் எங்கும் இல்லை. மற்ற நால்வரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் முதலில் பாகப்பிரிவினையும் உட்பிரிவும் நடக்கட்டும், பிறகு வாங்கலாம். மூன்றாவது வழி இருப்பதாகச் சொல்லும் புரோக்கரிடம் பேச்சை நீட்ட வேண்டாம்.

புலப்படத்தைப் படிப்பது

ஒரு சர்வே எண்ணுக்கு ஒரு படம். மேலே அளவுத்திட்டம், 1:1000 அல்லது 1:2000 போல, எழுதியிருக்கும். கணினியில் எடுத்த பிரிண்ட், தாள் அளவுக்குச் சுருங்கியோ விரிந்தோ வரும். ஆகவே ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள், எழுதியிருக்கும் எண்களை மட்டும் நம்புங்கள்.

எல்லைக் கோடு நெடுக எழுதியிருப்பவை கல்லுக்குக் கல் தூரம், மீட்டரில். நிலத்துக்குள் மூலையிலிருந்து மூலைக்கு ஓடும் கோடுகள் ஜி-லைன்கள். அவை நிலத்தை முக்கோணங்களாகப் பிரிக்கின்றன. படத்தின் எலும்புக்கூடே அவைதான். ஜி-லைனில் ஆங்காங்கே எழுதியிருக்கும் எண்கள் ஆரம்பக் கல்லிலிருந்து கூட்டிக்கொண்டே வந்த தூரம். 18.4, 42.6, 71.0 என்று இருந்தால் மூன்றும் ஒரே கல்லிலிருந்து அளந்தவை. ஒவ்வொன்றையும் தனித்தனித் துண்டு என்று எண்ணிக் கூட்டிவிடக் கூடாது. அந்த இடங்களிலிருந்து செங்குத்தாக எல்லை வளைவு வரை போகும் சிறு கோடுகள் ஆஃப்செட்கள். நெளிந்து போகும் ஓடைக் கரையைப் படத்தில் கொண்டுவந்தது இந்த ஆஃப்செட்கள்தான்.

உட்பிரிவுக் கோடுகளுக்குச் சில படங்களில் அளவு எழுதியிருக்காது. அப்படியானால் அந்த உட்பிரிவின் அளவு விவரத்தைத் தாலுகா அலுவலக நில அளவைப் பிரிவில் கேட்டு வாங்க வேண்டும். படத்தில் கோடு இருக்கிறதே என்று கண் மதிப்பில் இடம் குறிப்பது சண்டைக்கு விதை போடுவது.

பக்கத்துச் சர்வே எண்களின் புலப்படத்தையும் எடுத்து வையுங்கள். உங்கள் கிழக்கு எல்லை அவர்களுடைய மேற்கு எல்லை. அந்தப் பொதுக் கோட்டின் நீளம் இரண்டு படத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். 88.4 என்று ஒன்றிலும் 91.2 என்று மற்றொன்றிலும் இருந்தால், தகராறு காகிதத்திலேயே இருக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்தபடி தெரிந்துகொள்ளலாம்.

பரப்புக் கணக்கு: மூலைவிட்டம் இல்லாமல் வேண்டாம்

நாலு பக்கத்தையும் அளந்து, எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டி இரண்டால் வகுத்துப் பெருக்குவது ஊரெங்கும் உள்ள பழக்கம். சுற்றி வரும் பக்கங்கள் 40, 25, 38, 27 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 39-ஐயும் 26-ஐயும் பெருக்கினால் 1014 சதுர மீட்டர், 25.06 சென்ட்.

இப்போது 40-ம் 25-ம் சேரும் மூலைக்கு எதிரே ஓடும் மூலைவிட்டத்தை அளந்தால் 46 மீட்டர் என்று வைப்போம். 40, 25, 46 ஒரு முக்கோணம். 38, 27, 46 மற்றொன்று. மூன்று பக்கங்களின் கூட்டுத்தொகையில் பாதியை எடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்து, நான்கு எண்களையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் முக்கோணத்தின் பரப்பு. முதலாவதில் பாதி 55.5, கழித்தால் 15.5, 30.5, 9.5, பரப்பு 499.3. இரண்டாவது 512.8. மொத்தம் 1012.1 சதுர மீட்டர், 25 சென்ட். சராசரிக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

அதே நான்கு பக்கங்கள், ஆனால் மூலைவிட்டம் 40 மீட்டர் என்றால்? முக்கோணங்கள் 475.0-ம் 492.6-ம் ஆகும். மொத்தம் 967.6, அதாவது 23.9 சென்ட். பக்கங்கள் ஒரு சென்டிமீட்டர் கூட மாறவில்லை. நிலம் சாய்ந்ததால் ஒரு சென்ட்டுக்கு மேல் போய்விட்டது. நாலு பக்கம் மட்டும் அளந்து சொல்லும் பரப்பை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

மண்ணில் இறங்குவது

முதல் அளவை நீங்களே எடுக்கலாம். 30 மீட்டர் ஃபைபர் டேப் அல்லது ஸ்டீல் டேப், நாலைந்து இரும்புக் கம்பி, நைலான் கயிறு, தூக்குக்குண்டு, கடப்பாரை, கூட இரண்டு ஆள். துணி டேப் இழுக்க இழுக்க நீளும், வேண்டாம்.

முதலில் கல்லைத் தேடுங்கள். சர்வே கல் என்பது வரப்பு ஓரத்தில் நிற்கும் ஏதோ ஒரு கல் அன்று. புலப்படத்தில் எந்த இடத்தில் குறித்திருக்கிறதோ அங்கே இருக்க வேண்டும். மேலே தெரியாவிட்டால் அரை மீட்டர் ஆழம் வரை தோண்டிப் பாருங்கள். பல கற்கள் வண்டலில் மூழ்கித்தான் கிடக்கின்றன. ஜே.சி.பி. ஓடிய நிலத்திலும் டிராக்டர் திரும்பும் மூலையிலும் கல் இருந்தாலும் உடனே நம்ப வேண்டாம். பிடுங்கி மறுபடி நட்டதாக இருக்கலாம்.

ஒரு கல் கிடைத்தால் அளவை தொடங்கலாமா என்றால், கூடாது. குறைந்தது மூன்று வேண்டும். முதல் இரண்டுக்கும் இடையே டேப் போட்டு, புலப்படத்தில் உள்ள தூரத்தோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் மூன்றாவது கல்லை அந்த இரண்டிலிருந்தும் அளந்து சரிபாருங்கள். மூன்றும் பொருந்திய பிறகே காணாமல் போன மூலையைக் கண்டுபிடிக்கத் தகுதி வருகிறது. உங்கள் எண்ணில் மூன்று கல் கிடைக்காவிட்டால் பக்கத்து எண்களுக்குப் போங்கள். அங்கும் இல்லையென்றால் மூன்று கிராமங்கள் கூடும் இடத்தில் உள்ள முச்சந்திக் கல் வரை போக வேண்டிவரும். அது சர்வேயரின் வேலை.

சரிவான நிலத்தில் டேப்பைத் தரையோடு கிடத்தி அளந்தால் நீளம் கூடும். 30 மீட்டருக்கு 3 மீட்டர் ஏற்றம் இருந்தால் கிடைமட்டத் தூரம் 29.85 மீட்டர்தான். புலப்படத்து எண்கள் எல்லாம் கிடைமட்டத் தூரங்கள். டேப்பை மட்டமாகப் பிடித்து, தாழ்ந்த முனையில் தூக்குக்குண்டு விட்டுப் படிப்படியாக அளக்க வேண்டும்.

கல்லுக்குக் கல் தூரம் படத்தோடு சரியாகப் பொருந்துவது அபூர்வம். ஏன் என்று புரிந்துகொண்டால் பாதிச் சண்டை தீரும். பழைய அளவைகள் சங்கிலியில் எடுத்தவை. 66 அடிச் சங்கிலியில் 100 லிங்க். ஒரு லிங்க் 20.1 சென்டிமீட்டர். அதற்குக் கீழே அன்று யாரும் கணக்கெடுக்கவில்லை. அந்த லிங்க்குகளைத்தான் பிறகு மீட்டராக மாற்றி எழுதினார்கள். 760 லிங்க் என்று அளந்த கோடு இன்று 152.9 மீட்டர் என்று நிற்கும். நீங்கள் அளந்தால் 152.5 வரலாம். இரண்டு லிங்க் வித்தியாசம். அதில் யாரும் திருடவில்லை.

அந்த 40 சென்டிமீட்டரை என்ன செய்வது? கடைசி நிலக்காரர் தலையில் கட்டுவது தவறு. இரு முனைக் கற்களும் அசையாதவை என்று உறுதியானால், கோடு முழுதும் விகிதப்படி பகிர வேண்டும். படத்தில் 61.0 மீட்டரில் உங்கள் மூலை இருந்தால், 61.0-ஐ 152.5-ஆல் பெருக்கி 152.9-ஆல் வகுத்தால் 60.84. அங்கே கம்பி அடியுங்கள். இடையில் அசையாத பழைய கல் ஒன்று இருந்தால் விகிதக் கணக்கைவிட அந்தக் கல்லுக்கே மதிப்பு.

மறுபுறம், வித்தியாசம் 2 மீட்டர், 3 மீட்டர் என்று வந்தால் சங்கிலி மேல் பழி போட முடியாது. ஒன்று கல் நகர்ந்திருக்கிறது, அல்லது ஆக்கிரமிப்பு. வரப்பு அங்கேயே எத்தனை ஆண்டாக இருக்கிறது என்று ஊரில் விசாரியுங்கள். 12 ஆண்டுக்கு மேல் ஒருவர் வெளிப்படையாக, எதிரிடையாக அனுபவித்திருந்தால் அவர் அனுபவ பாத்தியம் கோர வழி உண்டு. அப்போது புலப்படம் உங்கள் பக்கம் இருந்தாலும் வழக்கு சிவில் கோர்ட்டுக்குத்தான் போகும். வாங்குகிறவர் அந்தத் துண்டை விலையிலிருந்து கழித்துவிடுவதே நல்லது.

கருவிகள் மாறியிருக்கின்றன, கல்லின் வேலை மாறவில்லை

மைக்கேல் டாப்பிங் 1794-ல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளியிலிருந்துதான் கிண்டி பொறியியல் கல்லூரி வளர்ந்தது. 1802-ல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கியது இந்தியாவின் பெரும் முக்கோண அளவை. சங்கிலியும் கோணம் அளக்கும் தியோடலைட்டும் இரண்டு நூற்றாண்டு ஆண்ட தொழில் இது. இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் டோட்டல் ஸ்டேஷன் (கோணமும் தூரமும் அளக்கும் மின்னணுக் கருவி), டி.ஜி.பி.எஸ்., ஆர்.டி.கே. (இரண்டும் பிழை திருத்தித் துல்லியம் கூட்டிய ஜி.பி.எஸ். முறைகள்), டிரோன் என்று மாறிவிட்டது. 2020-ல் வந்த மத்திய அரசின் ஸ்வாமித்வா திட்டம் கிராமக் குடியிருப்புப் பகுதிகளை டிரோனில் படமெடுக்கிறது. 2025-ல் தொடங்கிய நக்ஷா திட்டம் நகர நிலங்களை. சங்கிலி பிடித்த கையின் இடத்தில் ரோவர் கம்பம் (ஜி.பி.எஸ். கருவி பொருத்திய கோல்) பிடித்த கை. ஆனால் தீர்ப்புச் சொல்லும் திறமை, அதாவது எந்தக் கல் நம்பத் தகுந்தது என்று முடிவு செய்வது, இன்னும் சர்வேயரிடமே இருக்கிறது.

கைபேசி ஜி.பி.எஸ். செயலியில் எல்லை நடந்து பார்த்து ‘48 சென்ட்’ என்று காட்டுவதை நம்பாதீர்கள். கைபேசியின் பிழை திறந்த வெளியிலேயே சில மீட்டர். 50 சென்ட் நிலத்தில் ஒவ்வொரு பக்கமும் 3 மீட்டர் தவறினால் கணக்கு எங்கேயோ போய் நிற்கும். எந்த இடம் என்று அடையாளம் காண அது போதும், எல்லைக்குப் போதாது. செயற்கைக்கோள் படத்தின் மேல் புலப்படத்தை ஒட்டிக் காட்டுகிற படங்களும் அப்படியே. யார் எதை வைத்துப் பொருத்தினார்கள் என்று தெரியாமல் அதில் கோடு பார்க்கக் கூடாது.

ஆர்.டி.கே. ரோவர் ஓரிரு சென்டிமீட்டர் வரை சொல்லும், திரையில் ‘ஃபிக்ஸ்’ என்று இருக்கும்போது மட்டும். ‘ஃப்ளோட்’ என்று இருக்கும்போது எடுத்த புள்ளி அரை மீட்டருக்கு மேல் தவறலாம். தென்னந்தோப்பிலும் மாந்தோப்பிலும் ஃபிக்ஸ் சரியாகக் கிடைக்காது. அங்கே வெளியே இரண்டு புள்ளி எடுத்து, உள்ளே டோட்டல் ஸ்டேஷனில் அளப்பதே முறை. டிரோன் படம் வரப்பைக் காட்டும். வரப்புதான் எல்லையா என்று அதற்குத் தெரியாது.

தனியார் சர்வேயரை வைத்தால் அழகான கலர் பிரிண்ட்டோடு விட்டுவிடாதீர்கள். எந்தெந்தக் கற்களைப் பிடித்தார், அவற்றுக்கிடையே படத்து அளவு என்ன, மண்ணில் வந்த அளவு என்ன என்று ஓர் அட்டவணை கேளுங்கள். அது தர முடியாதவர் வரப்பை அளந்து பரப்பு போட்டிருக்கிறார் என்று பொருள். ஆயத்தொலைகள் தந்தால் எந்த மண்டலம் என்று எழுதி வாங்குங்கள். யு.டி.எம். என்ற ஆயத்தொலை முறை உலகை நெடுக்கு மண்டலங்களாகப் பிரிக்கிறது; 78 பாகை தீர்க்கரேகையின் கிழக்கே மண்டலம் 44, மேற்கே 43. மதுரையும் திருச்சியும் சென்னையும் 44-ல். கோவையும் ஈரோடும் திருநெல்வேலியும் 43-ல். மண்டலம் எழுதாத எண்களைப் பத்து ஆண்டு கழித்து வேறொரு சர்வேயர் ஏற்றினால் புள்ளிகள் வேறெங்கோ போய் விழும்.

தனியார் அளவை உங்களுக்கு முடிவெடுக்க உதவும், வருவாய்ப் பதிவை மாற்றாது. அதற்கு அரசு அளவைதான்.

அத்து (எல்லை) காட்டச் சொல்லி மனு

நில அளவைக்கு இப்போது அரசின் தமிழ்நிலம் தளத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பிக்கலாம். பட்டாதாரர்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே கிரயத்துக்கு முன்பே விற்பவரை மனு போடச் சொல்லுங்கள், கட்டணத்தை வேண்டுமானால் நீங்கள் கொடுங்கள். முன்பண ஒப்பந்தத்திலேயே ‘அரசு அளவை முடிந்து, வரும் பரப்புக்கே விலை’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் தயங்கும் விற்பவரும் வழிக்கு வருவார்.

சர்வேயர் வருவதற்கு முன் பக்கத்து நிலக்காரர்களுக்கு அறிவிப்பு போக வேண்டும். அறிவிப்பில்லாத அளவையைப் பின்னால் எளிதாக உடைத்துவிடுவார்கள். அன்றைக்கு நீங்களும் கூட இருங்கள். முள்ளை வெட்டி, கல் இருக்கும் இடங்களைத் தோண்டி முன்கூட்டியே தயாராக வைத்தால் அரை நாள் வேலை இரண்டு மணி நேரத்தில் முடியும். அளவு முடிந்ததும் ஊன்றிய கல்லை நாலு திசையிலிருந்தும் கைபேசியில் படமெடுத்து, அருகிலுள்ள கிணறு, மின்கம்பம், பாலம் போன்ற நிலையான பொருட்களிலிருந்து தூரம் அளந்து எழுதி வையுங்கள். நாளை கல் மாயமானாலும் இடம் மாயமாகாது. அரசு ஊன்றிய எல்லைக் கல்லைப் பிடுங்குவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இதைப் பக்கத்துக்காரரிடம் அன்போடு சொல்லி வைப்பதில் தவறில்லை. சர்வேயரும் கிராம நிர்வாக அலுவலரும் கையொப்பமிட்ட அளவை அறிக்கையைத் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம்.

பத்திரம் எழுதும்போது

சொத்து விவரத்தில் சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கெல்லை ஆகியவற்றோடு நாலு பக்கத்து நீளத்தையும் மீட்டரிலும் அடியிலும் எழுதச் சொல்லுங்கள். ஒரு மூலைவிட்டத்தின் நீளத்தையும் சேருங்கள். ஏன் என்று மேலே பார்த்தோம். பகுதியை வாங்கினால் வரைபடம் இணைப்பது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கல்லிலிருந்து எத்தனை மீட்டரில் பிரிவினைக் கோடு தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று வரைபடத்தில் இருக்க வேண்டும். பத்திர எழுத்தர் பழைய பத்திரத்து விவரத்தை அப்படியே காப்பி அடிப்பார். அதில் இருக்கும் ‘வண்டிப்பாதை’ இன்று தார்ச்சாலை, ‘இன்னார் நிலம்’ கைமாறி மூன்று தலைமுறை ஆகியிருக்கும். இன்றைய நிலவரத்தை எழுதி, பழையதையும் ‘முன்பு இன்னார் நிலம்’ என்று கூட வைத்தால் தொடர்ச்சி அறுபடாது.

மனைப்பிரிவில் வாங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. அங்கீகார எண்ணையும் வரைபடத்தையும் சரிபார்த்த பிறகு, உங்கள் மனை எந்த வரிசையில் இருக்கிறது என்று பாருங்கள். மொத்த நிலத்தைப் பத்திரத்துப் பரப்பில் வரைந்துவிட்டு, மண்ணில் குறைவது தெரிந்தால், முன்வரிசையிலிருந்து 30-க்கு 40 என்று கல் போட்டுக்கொண்டே போவார்கள். குறைவது எல்லாம் கடைசி வரிசையில் போய் விழும். கடைசி வரிசை மனையானால், வெளி எல்லையைப் புலப்படத்தோடு அளந்து பார்க்காமல் வாங்கவே வேண்டாம்.

உட்பிரிவு முடிந்த பிறகு

முழு உட்பிரிவையும் வாங்கினால் பட்டா மாறுதல் எளிது, சர்வேயர் வரத் தேவையில்லை. பகுதி வாங்கினால் உட்பிரிவு வேண்டும். அதற்கான மனு பதிவின்போதே கட்டணத்தோடு ஏற்றப்பட்டுத் தாலுகாவுக்குப் போகும். குறுவட்ட அளவர் அளந்து, 125/2 என்பது 125/2ஏ, 125/2பி என்று பிரியும். சர்வேயர் வரும் நாளில் உங்கள் பத்திரத்து வரைபடத்தை அவர் கையில் கொடுங்கள். அவர் அளப்பதற்கு அதுதான் ஆதாரம்.

மனு தள்ளுபடியானால் காரணம் எழுத்தில் இருக்கும். ‘பத்திரப் பரப்பும் புலப்பரப்பும் ஒத்துவரவில்லை’, ‘கூட்டுப் பட்டாதாரர் ஆட்சேபணை’, ‘மூல ஆவணம் இல்லை’ என்பவையே அடிக்கடி வரும். மூன்றும் கிரயத்துக்கு முன்பே தீர்த்திருக்கக் கூடியவை. தாசில்தார் உத்தரவில் குறையிருந்தால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. உரிமையே தகராறு என்றால் இந்தப் படிகளில் ஏறி இறங்குவது காலவிரயம். சிவில் கோர்ட்டில் விளம்புகை வழக்கு (உரிமை தனக்கே என்று அறிவிக்கக் கோருவது) போட்டு, நீதிமன்ற ஆணையரையும் சர்வேயரையும் நியமிக்கக் கேட்க வேண்டும். 1923-ஆம் ஆண்டு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி நிர்ணயித்த எல்லையை எதிர்த்து வழக்குப் போட, அது அறிவிக்கையான நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் கெடு.

புதிய பட்டா வந்ததும் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், புதிய புலப்படத்தையும் இறக்கிப் பாருங்கள். பட்டா மாறி, படத்தில் உட்பிரிவுக் கோடு ஏறாமல் கிடப்பதுண்டு. 2ஏ-யின் பரப்பையும் 2பி-யின் பரப்பையும் கூட்டினால் பழைய 2-இன் பரப்பு வர வேண்டும். வரவில்லையென்றால் அந்த வாரமே மனு போடுங்கள். அளந்த அதே சர்வேயர் அதே தாலுகாவில் இருக்கும்போது திருத்துவது எளிது.